அம்மா காலத்து டப்பர்வேர், நேற்று வாங்கிய டப்பா: எதை வைத்துக்கொள்வது, எதில் எதைப் போடுவது

கேள்வி பட்டர்வொர்த்திலிருந்து வந்தது. அம்மாவின் வீட்டைக் காலி செய்தபோது இரண்டு பெட்டி நிறைய பிளாஸ்டிக் டப்பாக்கள் கிடைத்தன. 1970களில் வாங்கியதிலிருந்து போன வருடம் மலிவுக் கடையில் வாங்கியதுவரை எல்லாம் கலந்து கிடக்கின்றன. சில பிசுபிசுக்கின்றன, சிலவற்றில் மூடி இறுகவில்லை. எதை வைத்துக்கொள்ளலாம், எதை மைக்ரோவேவில் வைக்கலாம், இந்தச் சாமான்களெல்லாம் எப்போது எப்படி வீட்டுக்குள் வந்தன?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம், மற்றவற்றுக்கு விடை அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு காலத்து டப்பாவும் ஒரு குறிப்பிட்ட வேலைக்காகச் செய்யப்பட்டது. ஐஸ் பெட்டிக்காகச் செய்ததை மைக்ரோவேவில் வைக்கிறோம், பலகாரத்துக்காகச் செய்த போத்தலைச் சுடுநீரில் கழுவுகிறோம். டப்பா கெட்டுப்போவதற்கு இதுதான் முதல் காரணம்.

பிளாஸ்டிக் வருமுன் நம் வீடுகளில் இருந்தவை பிஸ்கட் டின், மைலோ டின், ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி, மீந்த குழம்புக்கு மங்குக் கிண்ணம், வேலைக்குக் கொண்டுபோக அடுக்குச் சட்டி. சமைத்ததைக் கம்பி வலை அலமாரியில் வைத்து, எறும்பு ஏறாமலிருக்க அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்கள். முறுக்குக்குப் பிஸ்கட் டின் நல்ல பாத்திரம். தகரத்தின் வழியே ஈரம் நுழையாது. மூடி இறுக்கமாக உட்கார்ந்தால் மொறுமொறுப்பு வாரக்கணக்கில் நிற்கும். துருப்பிடிப்பதும், மூடி ஒருமுறை நசுங்கினால் பிறகு சரியாக உட்காராததும்தான் அதன் குறை.

பாலித்தீன் பிறந்தது 1933 மார்ச்சில். இங்கிலாந்தின் நார்த்விச் ஊரில் ஐசிஐ நிறுவனத்தின் ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் என்ற இருவரும் எத்திலீன் வாயுவையும் பென்சால்டிஹைடையும் மிகப் பெரிய அழுத்தத்தில் சூடாக்கினார்கள். அவர்கள் தேடியது கிடைக்கவில்லை. கலத்தின் சுவரில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒட்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அது ரேடார் கம்பிகளுக்கு உறையானது. போருக்குப் பிறகு அதை வேறு எதற்குப் பயன்படுத்துவது என்ற தேடல் தொடங்கியது. அமெரிக்காவில் எர்ல் டப்பர் என்பவர் டூபான்ட் நிறுவனத்தின் பாலித்தீன் கழிவை வாங்கிச் சுத்தப்படுத்தி வார்க்கப் பழகினார். 1946இல் அவருடைய கிண்ணங்கள் டப்பர்வேர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன.

கிண்ணத்தைவிட முக்கியமானது அவருடைய மூடி. பெயின்ட் டின் மூடியின் அமைப்பைத் தலைகீழாக்கிச் செய்தது அது. 1949இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அம்மாவின் பழைய வட்டக் கிண்ணம் ஒன்றை எடுத்து மூடியைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். கிண்ணத்தின் தடித்த உதடு அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்காரும்போது, மூடி உதட்டின் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. சுற்றிலும் அழுத்தியபின் மூடியின் நடுவைக் கட்டைவிரலால் கீழே அமுக்கி, ஓர் ஓரத்தை மட்டும் லேசாகத் தூக்க வேண்டும். ‘புஸ்’ என்று காற்று வெளியேறும். ஓரத்தை விட்டுவிட்டு நடுவையும் விட்டால், உள்ளே அழுத்தம் குறைந்திருப்பதால் வெளிக்காற்றே மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

கடைகளில் இது விலைபோகாததற்கும் இந்த மூடியே காரணம். மூடும் விதத்தைக் காட்ட அங்கே ஆள் இல்லை. பிரவுனி வைஸ் என்ற பெண்மணி வீடுகளில் பெண்களைக் கூட்டி, மூடிக் காட்டி விற்றார். அது கடை விற்பனையைத் தாண்டிப் போகவே, 1951இல் டப்பர் தன் சாமானைக் கடைகளிலிருந்து முழுவதும் எடுத்துவிட்டு அவரை விற்பனைத் தலைமைக்குக் கொண்டுவந்தார். 1954இல் பிசினஸ் வீக் இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். 1958இல் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, அதே ஆண்டில் டப்பர் நிறுவனத்தை ரெக்சால் என்ற மருந்துக்கடை நிறுவனத்துக்கு விற்றார். அந்த வியாபாரத்தைக் கட்டி எழுப்பியவருக்கு இழைத்தது பெரிய அநியாயம். அவர் வளர்த்த முறைதான் பிறகு செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பிறை வீடுகளின் வரவேற்பறைவரை வந்தது. மொத்தமாகக் காசு கொடுக்க முடியாதவர்கள் அக்கம்பக்கத்தாரோடு மாதக் கூட்டு போட்டு ஒவ்வொரு செட்டாக எடுத்தார்கள். 2024 செப்டம்பரில் டப்பர்வேரின் தாய் நிறுவனம் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு மனுச் செய்தது. இனி பழைய மாடல் மூடிக்கு மாற்று கிடைக்கும் என்று நம்பி மூடியில்லாத கிண்ணங்களைச் சேர்த்து வைக்க வேண்டாம்.

இரண்டாவது பெரிய மாற்றம் பாலிப்ரோப்பிலீன். இத்தாலியில் ஜூலியோ நாட்டா 1954இல் அதை ஒழுங்கான அமைப்புள்ள கெட்டிப் பிளாஸ்டிக்காக உருவாக்கினார். 1963இல் கார்ல் சீக்லரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மென்மையான பாலித்தீன் சுமார் 110 டிகிரி செல்சியஸில் உருகும். பாலிப்ரோப்பிலீன் 160ஐத் தாண்டும்வரை உருகாது. மேசைமேல் வைக்கும் மைக்ரோவேவ் அடுப்பு 1967இல் அமெரிக்க வீடுகளுக்கு வந்தபின் சூடு தாங்கும் டப்பா தேவைப்பட்டது. அந்த இடத்தை இது பிடித்தது. இதற்கு இன்னொரு குணமும் உண்டு: மெல்லியதாக வார்த்த ஒரு கோட்டில் ஆயிரக்கணக்கான முறை மடக்கினாலும் விட்டுப்போகாது. 1998இல் கொரியாவின் லாக் அண்ட் லாக் கொண்டுவந்த நான்கு பக்கப் பூட்டு மூடி இந்தக் குணத்தையும் ஒரு சிலிக்கோன் வளையத்தையும் நம்பியே நிற்கிறது. இப்போது நாசி கண்டாரும் மீயும் கட்டிக் கொடுக்கும் மெல்லிய டப்பாக்களும் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன்தான். ஒரே பொருள் என்றாலும் அவற்றின் சுவர் மிக மெல்லியது. இரண்டு மூன்று முறைக்கு மேல் பயன்படுத்தினால் உதட்டில் வெடிப்பு விழும்.

இனி உங்கள் பெட்டிகளைப் பிரிப்போம். அடியில் முக்கோணத்துக்குள் எண் இருந்தால் வேலை சுலபம். இந்த எண் முறை 1988இல்தான் வந்தது, அதற்கு முந்தியவற்றில் இருக்காது. 1 என்றால் பெட் (தண்ணீர்ப் போத்தல் செய்யும் தெளிந்த பிளாஸ்டிக்), 2 கெட்டிப் பாலித்தீன், 4 மென் பாலித்தீன், 5 பாலிப்ரோப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 என்றால் மற்றவை எல்லாம். எண் இல்லாதவற்றை ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். காற்று தங்காதபடி பக்கவாட்டில் சாய்த்து முழுவதும் அமுக்கிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். மேலே வந்தால் பாலித்தீன் அல்லது பாலிப்ரோப்பிலீன். இரண்டும் தண்ணீரைவிட இலேசானவை. பெட், பாலிகார்பனேட், பாலிஸ்டைரீன், மெலமின் எல்லாம் மூழ்கும். மிதந்தவற்றில் நகத்தால் அழுத்தினால் மெழுகுபோல் தடம் விழுந்து, சுவரும் சுலபமாக வளைந்தால் அது மென் பாலித்தீன். பழைய டப்பர்வேர் கிண்ணங்கள் பெரும்பாலும் இதில்தான் வரும். வளையாமல் விறைப்பாக இருந்தால் பாலிப்ரோப்பிலீனாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மென் பாலித்தீன் கிண்ணங்களை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், கொதிக்கும் குழம்பையும் ஊற்றாதீர்கள். 80 டிகிரியைத் தாண்டினாலே தளர ஆரம்பிக்கும். உதடு வட்டம் மாறிவிட்டால் மூடி பிறகு ஒருநாளும் இறுகாது. ஆனால் உறைபெட்டிக்கு இவற்றை மிஞ்ச ஆளில்லை. புதிய பாலிப்ரோப்பிலீன் டப்பா பூஜ்ய டிகிரியை ஒட்டியே சுலபமாக உடையும் நிலைக்கு வந்துவிடும், உறைந்த நிலையில் கீழே போட்டால் மூலை உடையும். அம்மாவின் பழைய கிண்ணம் அதே குளிரில் வளைந்து கொடுக்கும். ஆகவே தேங்காய்ப்பால், அரைத்த மசாலா, மீன் துண்டு இவற்றை உறையவைக்க அந்தக் கிண்ணங்களையே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பெருக்கும் என்பதால் மேலே 2 செ.மீ. இடம் விட்டு நிரப்புங்கள்.

பழையவற்றில் அடர் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறத்தவற்றை மட்டும் தனியே வையுங்கள். அந்தக் காலத்தில் பிளாஸ்டிக்கில் இந்த நிறங்களுக்குக் கேட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த சாயம் பரவலாகப் பயன்பட்டது. உங்கள் கையிலிருப்பதில் அது உண்டா என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. அவற்றில் புளி, ஊறுகாய், சம்பல் வேண்டாம். தையல் சாமான் போட்டு வைக்கலாம். கண்ணாடிபோல் தெளிவாகவும் கனமாகவும் இருந்து மூழ்குகிற, 7 என்ற எண் உள்ளவை பாலிகார்பனேட்டாக இருக்கலாம். அதிலிருந்து பிபிஏ என்ற வேதிப்பொருள் கசியும் என்பதால்தான் மலேசியா 2012 மார்ச்சிலிருந்து குழந்தைப் பால் போத்தல்களில் அதைத் தடை செய்தது. கீறல் விழுந்து மங்கிப்போன பாலிகார்பனேட்டை உணவிலிருந்து விலக்கிவிடுங்கள். மெலமின் கிண்ணத்தை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. கொதிக்கும் ரசத்தையும் அதில் ஊற்றாமலிருப்பது நல்லது, சூடும் புளிப்பும் சேர்ந்தால் கசிவு கூடும்.

மூடி வேலை செய்கிறதா என்று பார்க்க எல்லாரும் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். குழம்புக்கு அது போதும்: கால் பாகம் தண்ணீர் ஊற்றி மூடி, வெளிப்பக்கத்தைத் துடைத்து, நாளிதழின்மேல் 10 நிமிடம் கவிழ்த்து வைத்தால் தெரிந்துவிடும். முறுக்குக்கு அது போதாது. தண்ணீர் ஒழுகாத இடைவெளி வழியே ஈரக்காற்று போகும். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இரவுக் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும், எதிரி அதுதான். இதற்கு உப்புச் சோதனை செய்யுங்கள். ஒரு மேசைக்கரண்டித் தூள் உப்பை வெறும் சட்டியில் 5 நிமிடம் வறுத்து, ஆறவைத்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் கொட்டி டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். மூன்று இரவு வெளியே இருக்கட்டும். ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தண்ணீர் கோக்கும். உப்பு பொலபொலவென்று உதிர்ந்தால் அந்த டப்பாவில் முறுக்கும் அச்சு முறுக்கும் தாராளமாகப் போடலாம். கட்டிபட்டிருந்தால் அது வெங்காயத்துக்கும் பூண்டுக்கும்தான்.

தீபாவளிக்கும் பெருநாளுக்கும் கடைகளில் குவியும் சிவப்பு மூடிப் பலகாரப் போத்தல்கள் பெரும்பாலும் பெட். அழகாகத் தெரியும், ஈரத்தையும் ஓரளவு நன்றாகத் தடுக்கும். குறை மூடியில்: திருகு மட்டும் உண்டு, உள்ளே வளையம் கிடையாது. அதனால்தான் மூடியைச் சுற்றி டேப் ஒட்டுகிறோம். டேப்பை மூடி இறுகும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த்திசையில் இழுத்துச் சுற்றினால் மூடி சற்றே தளர்ந்துவிடும். பெட் 70 டிகிரியைத் தாண்டினால் சுருங்கும். சுடுநீர் ஊற்றிய போத்தலின் கழுத்து கோணி, மூடி ஏறாது. வெதுவெதுப்பான தண்ணீரும் சவர்க்காரமும் போதும். பலகாரத்தைச் சுட்டவுடன் போத்தலில் போடுவதும் கூடாது, ஒரு மணி நேரமாவது தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். உள்ளே சூடு இருந்தால் நீராவி மூடியின் அடியில் திரளும், அடுத்த நாளே நமத்துப்போகும். பாதி காலியானதும் சின்னப் போத்தலுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காலியிடம் முழுவதும் புதிய ஈரக்காற்றால் நிறைகிறது.

நான்கு பக்கப் பூட்டு டப்பாவில் எதிரெதிர்ப் பக்கங்களை முதலில் பூட்டுங்கள், அடுத்தடுத்த பக்கங்களை அல்ல. அப்படிப் பூட்டினால் வளையம் ஒரு பக்கம் ஒதுங்காமல் சமமாக அமுங்கும். உறைபெட்டியிலிருந்து எடுத்த உடனே பூட்டைத் திறக்காதீர்கள். குளிரில் மடிப்புக் கோடு முறியும். 10 நிமிடம் வெளியே இருக்கட்டும். மைக்ரோவேவில் பூட்டியபடி வைத்தால் நீராவி மூடியைப் பிதுக்கிப் பூட்டை இழுத்துவிடும். வளையத்துக்கடியில் கறுப்புப் பூஞ்சை வருவது நம் ஊரில் சாதாரணம், கழுவிய ஈரம் அங்கே காய்வதே இல்லை. ஐஸ்கிரீம் குச்சியால் வளையத்தை நெம்பி எடுங்கள், கத்தி வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெளுப்பான் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, தனியாகக் காயவைத்துப் பிறகு மாட்டுங்கள். வெளுப்பானோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

மைக்ரோவேவில் வைக்கத் தகுந்தது 5 என்ற எண்ணும் மைக்ரோவேவ் குறியும் உள்ள தடித்த டப்பா மட்டும்தான். அதிலும் சம்பல், பிரட்டல், ரெண்டாங் சூடாக்க வேண்டாம். தண்ணீர் 100 டிகிரியில் நின்றுவிடும். எண்ணெய் அதைத் தாண்டிப் போகும். எண்ணெய் மிதக்கும் மட்டத்தில் டப்பாவின் சுவரில் வெள்ளைப் புள்ளியும் சொரசொரப்பும் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பிளாஸ்டிக்கின் மேல்தோல் இளகிப் பெயர்ந்திருக்கிறது. அந்த டப்பாவைச் சூட்டுக்கு இனி பயன்படுத்தாதீர்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் குழந்தை உணவு டப்பாக்களைச் சோதித்து, ஐஸ் பெட்டியில் வைப்பதைவிட மைக்ரோவேவில் சூடாக்கும்போதுதான் நுண்துகள்கள் மிகுதியாக வெளியாகின்றன என்று காட்டினார்கள். பிளாஸ்டிக்கில் வைத்து, கண்ணாடியிலோ பீங்கானிலோ கொட்டிச் சூடாக்குவதே என் சிபாரிசு. குழந்தைகளுக்கான உணவென்றால் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மஞ்சள் கறை ஏன் போவதில்லை என்றால், மஞ்சளின் நிறமும் மிளகாயின் சிவப்பும் எண்ணெயில் கரைபவை. எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்குகின்றன. சூடு இருந்தால் இன்னும் ஆழமாக இறங்கும். அதனால் சுடுநீரை முதலில் ஊற்றாதீர்கள். காய்ந்த டிஷ்யூவால் எண்ணெயை வழித்தெடுத்து, சவர்க்காரத்தை நேரடியாகத் தேய்த்து, பிறகு வெதுவெதுப்பான தண்ணீர். மிச்ச மஞ்சளை வெளிச்சம் வெளுத்துவிடும். சன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் இரண்டு நாள் வையுங்கள். கொளுத்தும் வெயிலில் வாரக்கணக்கில் போட்டால் பிளாஸ்டிக்கே நொறுங்கும். மிளகாய்ச் சிவப்பு மெதுவாகத்தான் போகும்.

பெலாச்சான், நெத்திலி வாடைக்கு: ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சோடா மாவு கலந்து இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் கழுவிக் காயவைத்து, நாளிதழைக் கசக்கி உள்ளே திணித்து இரண்டு நாள் மூடி வையுங்கள். பாலித்தீன் வாடையை நிறைய உறிஞ்சும். ஆகவே பெலாச்சானுக்கு ஒரு டப்பாவை நிரந்தரமாக ஒதுக்கிவிடுவதே நல்லது, அல்லது கண்ணாடிப் போத்தல். பிசுபிசுப்புக்கு சோடா மாவு மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு குழைத்துப் பூசி, அரை மணி நேரம் கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். பெரும்பாலும் அது பல வருடம் ஊறிய எண்ணெய் கெட்டுப் பிசினானதுதான். இரண்டு முறை செய்தும் கையில் ஒட்டினால் பிளாஸ்டிக்கே சிதையத் தொடங்கிவிட்டது, எறிந்துவிடுங்கள்.

அளவு பற்றி. அரிசி ஒரு லிட்டருக்குச் சுமார் 800 கிராம் பிடிக்கும். 5 கிலோ பைக்கு 6.5 லிட்டர், 10 கிலோவுக்கு 13 லிட்டர் டப்பா வேண்டும். பருப்பும் ஏறத்தாழ அதே கணக்கு. மாவு இலேசு, ஒரு கிலோவுக்கு 2 லிட்டர் வரை இடம் தேவை. வண்டு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. முட்டை பெரும்பாலும் அரிசிக்குள்ளேயே வருகிறது, இறுக்கமான மூடியால் அதைத் தடுக்க முடியாது. சின்ன அளவென்றால் பையோடு உறைபெட்டியில் நான்கு நாள் வைத்து, வெளியே எடுத்துச் சூடு சமமாகும்வரை பையைத் திறக்காமல் விட்டு, பிறகு டப்பாவில் கொட்டுங்கள். குளிராக இருக்கும்போதே திறந்தால் அரிசிமேல் ஈரம் படிந்து பூசணம் பிடிக்கும்.

மீந்த சோற்றை ஆழமான டப்பாவில் அழுத்தி வைக்காதீர்கள். நடுவில் மணிக்கணக்கில் சூடு நிற்கும், வேகும்போது சாகாத பாசில்லஸ் செரியஸ் கிருமியின் வித்துகள் அந்த இளஞ்சூட்டில் முளைத்துப் பெருகும். 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். ஆவி அடங்கும்வரை மூடியைச் சாய்த்து வைத்தால் போதும். சூட்டோடு இறுக மூடினால், ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைந்து மூடி உள்வாங்கிக்கொள்ளும், பிறகு திறப்பது பெரும்பாடு. திறக்க முடியாவிட்டால் நெம்பாமல் டப்பாவின் அடியை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள்.

இட்டிலி மாவுக்கு இதற்கு நேர்மாறு. நம் ஊர்ச் சூட்டில் 6 முதல் 8 மணி நேரத்தில் மாவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும், வாயுவும் வெளியேற வேண்டும். பாதிக்கு மேல் ஊற்றாமல், மூடியை மேலே சும்மா வையுங்கள். புளித்து ஐஸ் பெட்டிக்குப் போன பிறகும் இரண்டு பூட்டு மட்டும் போடுங்கள், குளிரிலும் புளிப்பு மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும்.

கழித்தவற்றில் எண்ணெய் போகக் கழுவிக் காயவைத்த 1, 2, 5 எண் டப்பாக்களை மறுசுழற்சிக்குப் போடலாம். கோலாலம்பூரில் 2015 செப்டம்பரிலிருந்து வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம், பினாங்கிலும் பிரித்தே போட வேண்டும். சிலிக்கோன் வளையத்தைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். மெலமினை அதோடு சேர்க்காதீர்கள். அது உருகி மறுவடிவம் எடுக்காத பொருள், பொதுக் குப்பைக்குத்தான் போக வேண்டும்.